ரெய்டு என்னும் வினைச்சொல்

சொற்களும் மாந்தரைப் போலவே பிறந்த இடத்தில் நிலைத்திருப்பதில்லை. போர்க்களத்திற் பிறந்த சொற்கள் பல, போர் ஒழிந்த பின்னர்ப் படைக்கலங்களைக் களைந்துவிட்டு ஊருக்குள் வந்து குடியேறுகின்றன. கொசுக்கள் படையெடுத்தன என்கின்றோம். கொசுக்களுக்குத் தானையுமில்லை, தானைத் தலைவனுமில்லை. ஐயங்கள் எம்மை முற்றுகையிட்டன என்கின்றோம். சூழப்பட்ட கோட்டையொன்றும் அங்கில்லை. பரிசு பெற்ற மாணவனை வாகை சூடினான் என்று பாராட்டுகின்றோம்; வாகைப்பூவை அவன் கண்ணாலும் கண்டிருக்க மாட்டான். இவ்வாறு ஒரு சொல் தனக்குரிய நேர்ப்பொருளை விட்டு, ஒப்புமை பற்றிப் பிறிதொரு பொருளை உணர்த்துதல் எல்லா மொழிக்கும் இயல்பு. அதனாற் குற்றமொன்றுமில்லை, மொழி வளர்வதே பெரும்பாலும் அவ்வழியால் என்னலாம்.

ஆயினும், ஊருக்குள் குடியேறிய போர்ச்சொல் தன் படைக்கலத்தை உண்மையிலேயே களைந்துவிட்டதா, அன்றி இடுப்பில் மறைத்து வைத்திருக்கின்றதா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு யாம் எடுத்துக்கொண்டது 'ரெய்டு' என்னும் ஆங்கில வினைச்சொல். ஆங்கிலம் கல்லாதாரும் இன்று இதனை அறிவர். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைமேல் அமைந்த கரியாலூர்ப் பக்கத்தே "ரெய்டு வருகிறது" என்று ஒருவர் சொன்னால், அதன் பொருளறிய எவரும் அகராதியைப் புரட்டுவதில்லை. மலைமேல் இத்துணை எளிதில் விளங்கும் ஒரு சொல்லின் வரலாற்றைக் கல்லூரியில் மொழி பயிலும் நாம் அறியாதிருத்தல் முறையன்று.

இச்சொல்லின் பிறப்பை முதற்கண் காண்போம். பழைய ஆங்கிலத்தில் குதிரையேறிச் செல்லுதலைக் குறித்த ஒரு சொல் வழங்கியது. அச்சொல் தென்புறத்து ஆங்கிலத்தில் 'ரோடு' என்று திரிந்து, காலப்போக்கில் மக்கள் செல்லும் சாலையை உணர்த்தலாயிற்று. வடக்கே ஸ்காத்லாந்தில் அதுவே 'ரெய்டு' என்று திரிந்து, குதிரையேறிப் பகைவர் நிலத்திற் புகுந்து கவர்ந்து மீளுதலை உணர்த்தலாயிற்று. எனவே ரோடும் ரெய்டும் ஒரு வயிற்றிற் பிறந்த இரு பிள்ளைகள். ஒருவன் ஊரையும் ஊரையும் இணைப்பவன். மற்றவன் ஊரைச் சூறையாடுபவன். இவ்வுடன்பிறப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இது பயன்படும்.

இங்கிலாந்துக்கும் ஸ்காத்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்திற் பல நூற்றாண்டுகளாக இரவோடிரவாகப் பிறர் நிலம் புகுந்து மாடுகளை ஓட்டிவருதல் ஒரு தொழிலாகவே நடைபெற்றது. 1603-ஆம் ஆண்டில் இரு நாட்டு முடிகளும் ஒரே தலைமேல் ஏறிய பின்னர் அத்தொழில் ஒடுக்கப்பட்டது. சொல்லும் உடன் மங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட் என்னும் புலவர் தம் கதைகளின் வாயிலாக அச்சொல்லுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அன்று எழுந்த சொல் இன்றளவும் ஓய்ந்திலது.

இவ்வினைக்கு மூன்று உறுப்புக்கள் உண்டு. பிறர் நிலத்திற் புகுதல் ஒன்று. வேண்டியதைக் கவர்தல் ஒன்று. அங்குத் தங்காது உடனே மீளுதல் ஒன்று. இம்மூன்றனுள் ஈற்றில் நின்றதே இதனை ஏனைப் போர்வினைகளினின்றும் பிரிப்பது. முற்றுகையிடுவோன் தங்குவான்; முகலாயப் படை 1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்து கிடந்தது போல. நாடு கொள்வோனும் தங்குவான். வரி தண்டுவான், ஏரி வெட்டுவான், நன்றோ தீதோ அந்நிலத்தைத் தன்னிலமாக்கிக் கொள்வான். ரெய்டு செய்வோனுக்கு அந்நிலம் என்றும் பிறர் நிலமே. அதன் நாளையைப் பற்றிய கவலை அவனுக்கில்லை.

இது மேல்நாட்டார்க்கே உரிய வழக்கமென்று கருதற்க. விராட நாட்டின் ஆநிரைகளைக் கௌரவர் கவரப் பேடியுருவிலிருந்த அருச்சுனன் மீட்டதைப் பாரதம் கூறுகின்றது. யோபுவின் எருதுகளையும் கழுதைகளையும் சபேயரும், ஒட்டகங்களைக் கல்தேயரும் கவர்ந்து சென்றமையை அவர் பெயரால் வழங்கும் நூல் கூறுகின்றது. அயர்லாந்தின் பழங்கதைகளுள் தலைமை வாய்ந்ததொன்று ஒரு காளையைக் கவரும் பொருட்டு எழுந்த போரைப் பற்றியது. மாடே செல்வமாக இருந்த காலத்தில் மாடு கவர்தலே போரின் தொடக்கமாக இருந்தது.

தமிழர்க்கு இஃது இன்னும் நெருங்கிய செய்தி. புறத்திணைகளுள் முதற்கண் வைத்து எண்ணப்படும் வெட்சி, ஆநிரை கவர்தலே யன்றோ? தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார். அஃதாவது, மலைநிலத்துக்கு உரியதாக வைத்தார். அவர் வகுத்த இலக்கணத்தில் இரண்டு வரையறைகள் எம் கருத்தை ஈர்க்கின்றன. ஒன்று, இச்செயல் வேற்றுப்புலத்தில் நிகழ்தல் வேண்டும். வேந்தனால் ஏவப்பட்டோரும் தம் நாட்டு மாட்டைத் தாமே கவர்தல் வெட்சியாகாது. மற்றொன்று, கொணர்ந்த ஆநிரையை ஓம்புதல் வேண்டும்; வாயில்லா உயிர்கள் போரில் மடியாவண்ணம் முன்னரே அப்புறப்படுத்திக் காக்கும் அறம் அது என்று உரையாசிரியர் விளக்குவர். பகைவனிடத்தும் எல்லை கோலிய இலக்கணம் அது.

கவரப்பட்ட நிரையை மீட்டல் கரந்தை எனப்படும். இதற்குச் சான்று ஏட்டில் மட்டுமன்றிக் கல்லிலும் உண்டு. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் பலவாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அவற்றை 1972-இல் நூலாக வெளியிட்டனர். தொறு எனப்பட்ட மாட்டுக் கூட்டத்தை மீட்கச் சென்று உயிர் துறந்தோர் பெயர்கள் அக்கற்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்றிற் 'கோவிவன்' என்னும் நாயின் பெயரும் இடம் பெற்றுள்ளது. கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணை நின்ற நாய் அது. கவர்ந்தவனை மறந்து, காத்து நின்ற நாயைக் கூட நினைவிற் கொண்ட மக்கள் நம் முன்னோர்.

இனி, நேர்ப்பொருளினின்று இச்சொல் எவ்வாறு விரிந்தது எனக் காண்போம். குதிரை போய்க் கப்பல் வந்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாளிரவு 'எம்டன்' என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டெறிந்து கொளுத்திவிட்டு உடனே மறைந்தது. புகுதல், அழித்தல், மீளுதல் என்னும் முறை அதன்கண் வழுவாது அமைந்திருந்தது. அக்கப்பலின் பெயரே பின்னர் நம்மவர் வாயில் உருவகமாகி, "அவன் சரியான எம்டன்" என்று வல்லவனையும் எத்தனையும் குறிக்கலாயிற்று. கப்பலுக்குப் பின் வானூர்தி வந்தது. 1942-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளன்று சப்பானியர் கொழும்பின் மீது குண்டெறிந்து சென்றதனை ஆங்கிலத்தார் இன்றும் ஈஸ்டர் ஞாயிற்று ரெய்டு என்பர். இவையெல்லாம் ஊர்தி மாறினும் பொருள் மாறாத வழக்குக்கள்.

பொருள் மாறிய வழக்குக்கள் இரு வகைப்படும். அவற்றுள் விளையாட்டு ஒரு வகை. கபடியாட்டத்தில் எதிரணியின் நிலத்துட் புகுவோனை 'ரெய்டர்' என்றும், அவன் செயலை 'ரெய்டு' என்றும் இக்காலத்துப் போட்டிகளில் வழங்குகின்றனர். இவ்வுருவகம் மிகவும் பொருத்தமானது. அவன் நடுக்கோட்டைக் கடந்து பிறர் நிலத்திற் புகுகின்றான், தொடுகின்றான், 30 நொடிக்குள் தன் நிலம் மீள்கின்றான். தங்கினாற் பிடிபடுவான். மூன்று உறுப்புக்களும் முழுமையாக உள்ளன. ஆயினும் ஒருவர் பொருளும் ஒருவரால் இழக்கப்படவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரு சாராரும் கை குலுக்கிக் கொள்கின்றனர். இரவிற் பசித்த சிறுவன் அடுக்களையை ரெய்டு செய்தான் என்று ஆங்கிலத்தார் நகையாடுவதும் இவ்வகையினதே. இங்கெல்லாம் சொல் தன் படைக்கலத்தை மெய்யாகவே களைந்துவிட்டது.

மற்றொரு வகை, அரசினர் தம் குடிகளிடத்துச் செய்யும் சோதனையைக் குறிப்பது. வருமான வரி ரெய்டு, போலீசு ரெய்டு, சாராய ரெய்டு என நாள்தோறும் செய்தித்தாள்களிற் காண்கின்றோம். இச்செயலைத் தமிழாற் கூறப்புகுந்தோரும் 'அதிரடிச் சோதனை' என்று ஒரு படைச்சொல்லை முன்னே ஒட்டியே கூறுகின்றனர். ஆனால் சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் தன் 132-ஆம் பிரிவிற் சோதனை என்றும் கைப்பற்றுதல் என்றுமே எழுதிற்று. குற்ற விசாரணைக்குரிய சட்டமும் சோதனையென்றே சொல்லி, சோதனையிடும் இடத்திற் சாட்சிகள் இருத்தல் வேண்டும், எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதுதல் வேண்டும் என்று வரையறுக்கின்றது. சாட்சியும் பட்டியலும் கொள்ளைக்காரனுக்கு உண்டா? சட்டம் நுழைவிக்காத போர்ச்சொல்லை நாமே வலிந்து நுழைத்துள்ளோம்.

"இது வெறுஞ் சொல்லாராய்ச்சி, செயல் ஒழுங்காயிருப்பின் பெயரில் என்ன இருக்கின்றது?" என்று சிலர் வினவுவர். 2024-ஆம் ஆண்டு சூன் திங்களிற் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நஞ்சைத் தேடி ஒழிப்பவர்க்கு மென்சொல் எதற்கு என்றும் அவர் கேட்பர். இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. சாராயம் காய்ச்சுதல் குற்றமே. அதனைத் தடுத்தல் அரசின் கடமையே. சோதனை வேண்டாவென்று யாம் கூறவில்லை. சோதனை வேறு, ரெய்டு வேறு என்றே கூறுகின்றோம். சோதனை என்பது குற்றவாளி இன்னான் என்று அறியும் பொருட்டுச் செய்வது. குற்றமற்றவன் உண்டென்பதை அது முன்னரே ஒப்புக்கொள்கின்றது. ரெய்டு என்பதற்கு அவ்வேறுபாடு தெரியாது. அதற்கு அவ்வூர் முழுவதும் பகைப்புலம். மாண்டோர் உடலிற் கலந்த மெத்தனால் ஆலைகளில் வழங்கும் பொருள். மலைமேல் வெல்லமும் பட்டையும் இட்டுப் போடும் ஊறலினின்று வருவதன்று. எனினும் சாவு நிகழ்ந்த பின்னர் ரெய்டு ஏறியது மலைமேலும்தான்.

பெயரிற் பொருளுண்டு என்பதற்கு அண்மையிலேயே கொடிய சான்றொன்று உளது. கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் அவ்வாறாயினும் கேரளத்தாரல்லர், தமிழ் பேசுவோரே. அவ்வினத்தாரே தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்தியிலும் வாழ்கின்றனர். 1992-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சார்ந்தோர் அவ்வூரிற் புகுந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, பொருள்கள் சூறையாடப்பட்டன, கிணற்று நீர் கெடுக்கப்பட்டது, மகளிர் 18 பேர் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கு நெடிது நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேருள் 54 பேர் தீர்ப்புக்கு முன்னரே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு அதே நாளில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

அந்நிகழ்ச்சியையும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் 'வாச்சாத்தி ரெய்டு' என்றே எழுதின. ஈண்டு அச்சொல் உருவகமா, நேர்ப்பொருளா? உருவகமாகத் தொடங்கியது, புகுந்த பின்னர் நேர்ப்பொருளாயிற்று என்பதே எம் விடை. இடுப்பில் மறைத்திருந்த படைக்கலம் அன்று வெளிப்பட்டது. தொல்காப்பியர் கோலிய எல்லைகள் இரண்டும் அன்று மீறப்பட்டன. வேற்றுப்புலம் அன்று அது, சொந்த நாடு. ஓம்புதல் அங்கில்லை, அழிவே இருந்தது. சட்டத்தின் வழி நடந்த சோதனையையும் சட்டத்தைக் கொன்று நடந்த கொள்ளையையும் ஒரே சொல்லாற் குறிக்கும்போது, முன்னையது இழிவடைகின்றது. பின்னையது ஒளிந்துகொள்ள இடம் பெறுகின்றது. இரண்டும் தீங்கே.

இவ்விடத்தில் நம் மொழியின் போக்கை ஒருசிறிது எண்ணிப் பார்த்தல் இன்பம் தரும். ஆநிரை கொள்ளுதலைத் தமிழிற் குறிக்கும் வினை 'கவர்தல்' என்பது. அதுவும் போர்வினையே. ஆயின் அஃது உருவகமாகிச் சென்ற இடம் யாது? உள்ளத்தைக் கவர்ந்தது, கண்ணைக் கவர்ந்தது, கருத்தைக் கவர்ந்தது என அழகின் பக்கமும் அன்பின் பக்கமும் சென்று, கவர்ச்சி என்னும் இனிய சொல்லையும் ஈன்றது. கொள்ளை என்பதும் கொள்ளையழகு என்று மகிழ்ச்சியைச் சுட்டப் பயின்றுவிட்டது. ஆங்கிலத்து ரெய்டோ காவல்நிலையத்தையும் வரி அலுவலகத்தையும் நோக்கிச் சென்றது. ஒரு மொழி உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதற்கு இதனைக் கூறவில்லை. போர்வினை எப்பக்கம் நடக்க வேண்டுமென்பதைத் தீர்மானிப்போர் அதனை வழங்கும் மக்களே என்பதற்கே கூறினோம். அப்பொறுப்பு நம்முடையது.

இறுதியாகக் கரியாலூருக்கு மீண்டும் வருவோம். ரெய்டு என்னும் சொல் அங்கே பொருந்தாது என்று இதுகாறும் வாதித்தோம். ஆனால் அது தன்னையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தங்காது மீளுதல் ரெய்டின் இயல்பென்று மேலே கூறினோம். கல்வராயன் மலை 1976-ஆம் ஆண்டு வரையில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகீர்தாரர்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழிந்த பின்னரே அம்மக்கள் அதனினின்றும் விடுபட்டனர். அதன் பின்னரும் சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை மலையேறத் தயங்கின. 2024-ஆம் ஆண்டு சூலையில் சென்னை உயர்நீதிமன்றம், எவரும் வழக்குத் தொடுக்காமலே, அம்மக்களுக்குச் சாலை முதலிய அடிப்படை வசதிகளும் இல்லாமையைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டு வினவும்படி நேர்ந்தது. ஊறலை அழிக்க ஏறுவோர் அன்றே இறங்கிவிடுவர். ஊறலுக்குக் காரணமான வறுமையோ அங்கேயே தங்கியிருக்கும். வந்து மீள்வோரையே கண்ட மக்கள், அவ்வரவை வந்து மீளும் சொல்லாலேயே வழங்கினர். அவர் வழக்கிற் பிழையில்லை.

ஆதலின், மொழி பயிலும் நண்பர்க்கு யாம் கூறுவது இது: கபடியில் ரெய்டு என்க; அஃது அழகு. சட்டப்படி நிகழ்வதைச் சோதனை என்க. அதனால் அதிகாரிக்கும் தம் எல்லை நினைவுக்கு வரும். சட்டத்தை மீறி நிகழ்வதைக் கொள்ளை என்றே துணிந்து எழுதுக. பிறமொழிச் சொல்லாற் போர்த்தி மறைக்கற்க. அரசினர்க்கு யாம் கூறுவதோ, ஒரு வயிற்றிற் பிறந்த அவ்விரு சொற்களைப் பற்றியது. அவற்றுள் ரெய்டு மலைமேல் அடிக்கடி சென்று வந்துவிட்டது. இனி, உடன்பிறந்த ரோடும் சென்று அங்கே தங்கட்டும். அது தங்கும் நாளில், கரியாலூர்ப் பிள்ளைகள் ரெய்டு என்னும் சொல்லைக் கபடிக் களத்தில் மட்டுமே கேட்டு வளர்வார்கள்.